கிண்ணத்தை நிரப்பி வைத்தேன், இறகைப் பிடுங்கிக்கொண்டாள்

எங்கள் வீட்டில் விடிந்ததும் முதலில் இருமுவது மாமா. ஆனால் மாமா இருப்பதோ வேறொரு கண்டத்தில். அக்காவும் அவரும் குடிபெயர்ந்தபோது கூட்டிப்போக முடியாமல் என்னிடம் விட்டுச்சென்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிதான், தொண்டையைச் செருமும் முன்னோட்டத்தோடு அந்த இருமலை அச்சு அசலாக எடுத்துவிடுகிறது. வந்த புதிதில் காட்டிய மருத்துவர் அதைக் கேட்டதும் முகம் மாறி ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்தார். "டாக்டர், அது எங்க மாமா" என்று நான் சொன்னதை நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பெயர் சாம்பு. அப்போது வயது பதினொன்று. அத்தனை வருடமும் எல்லோரும் "அவன்" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். சாம்பல் கிளியில் ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரிக்க முடியாது. பிறகு ஒரு துளி இரத்தத்தில் டிஎன்ஏ சோதனை செய்ததில்தான் அவள் என்று தெரிந்தது. அக்காவிடம் சொன்னபோது, "அதான் என்கிட்ட மட்டும் சண்டைக்கு வருவாளா!" என்றாள். இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை.

சாம்புவிடம் நான் செய்த தவறுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரோ ஓர் ஆய்வாளர் எனக்கு முன்பே அளந்து, எண்ணி, எழுதி வைத்திருந்தார். நான்தான் தாமதமாகப் படித்தேன்.

வந்து நான்கு மாதம் இருக்கும். ஒருநாள் காலை கூண்டின் அடித்தட்டில் பதினான்கு இறகுகள். உதிர்காலம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். மறுநாள் இருபதுக்கு மேல். அப்போதும் கவலைப்படத் தெரியவில்லை. வாரக் கடைசியில் அவள் மார்பில் வெள்ளைத் தூவி மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கடுத்த வாரம் அதுவும் போய்த் தோல் தெரிந்தது. அவளே பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கீழே கிடக்கும் இறகைப் பெருக்குவதற்கு முன் கையில் எடுத்து அதன் அடித்தண்டைப் பாருங்கள். தானாக உதிர்ந்த இறகின் தண்டு முழுதாக, சுத்தமாக இருக்கும். மென்று பிடுங்கியதில் தண்டு நசுங்கியோ பிளந்தோ இருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இறகைப் பிடுங்கியிருந்தால் தண்டுக்குள் இரத்தம் தெரியும். இன்னொரு அடையாளம் தலை. அலகு எட்டாத ஒரே இடம் அதுதான். உடம்பு மொட்டையாகித் தலை மட்டும் பளபளவென்று இருந்தால் பறவை தானே பிடுங்குகிறது என்று பொருள். தலை இறகும் கோணலாகி உதிர்ந்தால் சர்க்கோவைரஸ் உண்டாக்கும் அலகு, இறகு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அல்லது கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது.

முதல் மருத்துவர், "அக்காவை நினைச்சு ஏங்குது" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன், ஏனென்றால் அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஏக்கம் என்றால் காலம்தான் ஆற்ற வேண்டும், நான் செய்ய ஒன்றுமில்லை. சௌகரியமான நோயறிதல் அது.

இந்நிலையில் ஒரு நாள் இரவு சாம்பு குச்சியிலிருந்து தொப்பென்று கீழே விழுந்தாள். சிறகு நடுங்கியது. சில நொடிகளில் எழுந்து ஒன்றும் நடக்காதது போல ஏறிப்போய் உட்கார்ந்துகொண்டாள். தூக்கத்தில் வழுக்கியிருக்கும் என்று முதலில் தோன்றியது. மூன்று நாள் கழித்து மறுபடியும் விழுந்தபோது, பறவைகளை மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவரைத் தேடிப் போனேன்.

அவர் ஏக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "என்ன சாப்பிடுறா?" என்று கேட்டார். பன்னிரண்டு வகை விதைகள் கலந்த தீவனம் என்று பெருமையாகச் சொன்னேன். "கிண்ணத்துல மிச்சம் என்ன இருக்கும்?" என்றார். பதினொரு வகை மிச்சம் இருக்கும். அவள் தின்றதெல்லாம் சூரியகாந்தி விதை மட்டுமே.

உள்பருப்பின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட கொழுப்பு. கால்சியம் கொஞ்சம், பாஸ்பரஸ் அதைப் போலப் பல மடங்கு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். மருத்துவர் அவள் வாயைத் திறந்து மேலண்ணத்துப் பிளவைச் சுற்றியுள்ள சிறு முட்களைக் காட்டினார். கூராக நிற்க வேண்டியவை மழுங்கிக் கிடந்தன. வைட்டமின் ஏ நெடுநாள் போதாமல் போனால் வாய், மூச்சுப்பாதையின் உட்தோல் தடித்துப் போவதன் அடையாளம் அது. இரத்தத்தில் அயனி வடிவக் கால்சியம், அதாவது உடல் நேரடியாகப் பயன்படுத்தும் கால்சியம், குறைந்திருந்தது. சாம்பல் கிளிகளிடம் இது பெயர்பெற்ற கோளாறு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். மொத்தக் கால்சியத்தை மட்டும் அளந்தால் சில நேரம் எல்லாம் சரி என்றே காட்டும், அயனிக் கால்சியத்தைத் தனியாகக் கேட்டு அளக்கச் சொல்ல வேண்டும் என்றார் அவர். கூடவே ஈயம், துத்தநாகம், சர்க்கோவைரஸ், 2008-இல் கண்டறியப்பட்ட பறவை போர்னாவைரஸ் ஆகியவற்றுக்கும் சோதனை செய்தார். நல்லவேளையாக எதுவும் இல்லை. இறகு பிடுங்கும் பறவைக்கு இந்தச் சோதனைகளை முடித்துவிட்டு மனசைப் பற்றிப் பேசுவதுதான் முறை. நாங்கள் தலைகீழாகச் செய்திருந்தோம்.

கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. வெயில் நன்றாக விழும் ஜன்னலோரம் என்றேன். கண்ணாடி போட்ட ஜன்னலா என்றார். ஆமாம். அந்தக் கண்ணாடி வெளிச்சத்தை விடும், வெப்பத்தை விடும், தோலில் வைட்டமின் டி உண்டாகத் தேவையான புறஊதா-பி கதிரை ஏறத்தாழ முழுவதுமாகத் தடுத்துவிடும். இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்டான்ஃபோர்ட் என்ற பறவை மருத்துவர் வீட்டுக்குள் வாழும் சாம்பல் கிளிகளுக்கு நாளுக்கு 12 மணி நேரம் புறஊதா-பி விளக்கு கொடுத்துப் பார்த்திருக்கிறார். அயனிக் கால்சியம் கணிசமாக ஏறியது. நாங்களும் விளக்கு மாட்டினோம். இதில் இரண்டு விஷயம்: விளக்குக்கும் பறவைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் புறஊதாக் கதிர் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும். எரிகிறதே என்று விட்டுவிடாமல் காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும். தூரத்தையும் நேரத்தையும் மருத்துவர் சொன்னபடி வைக்க வேண்டும், அதிகமானால் கண்ணுக்கு ஆகாது.

இனி என் பெரிய முட்டாள்தனம். விதைதான் விரோதி என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து விதை டப்பாவை எடுத்து ஒளித்துவிட்டேன். கிண்ணம் நிறைய பெல்லட், அதாவது சத்துகளைச் சமமாகக் கலந்து உருண்டையாக்கிய தீவனம். பசித்தால் தின்னாமலா போய்விடும்?

போய்விடும். விதையிலேயே வளர்ந்த கிளிக்குப் பெல்லட் உணவு என்றே தெரியாது. சிறு கற்களைத் தட்டில் வைத்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவளும் பார்த்தாள். ஆனால் அலகால் எடுத்து நொறுக்கிக் கீழே போட்டாள், தூளைப் பார்த்துத் தின்கிறாள் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆறாம் நாள் மறுபரிசோதனைக்குப் போனபோது எடை 391 கிராம். வந்தபோது 438. மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: பத்து சதவீதத்துக்கு மேல், ஆறே நாளில். "அறுபது கிலோ ஆள் ஒரு வாரத்துல ஆறு கிலோவுக்கு மேல இளைச்சா சும்மா இருப்பீங்களா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா இங்க தூக்கிட்டு வந்திருக்க மாட்டீங்க" என்றார். அன்று விதை டப்பா திரும்ப வந்தது.

அன்றுதான் கிராம் காட்டும் சமையலறைத் தராசும் வாங்கினேன். இந்த ஐந்து வருடத்தில் நான் வாங்கிய எந்தப் பொருளும் அதற்கு ஈடில்லை. கிளி நோயை மறைக்கும் பிராணி. கூட்டத்தில் நோஞ்சானாகத் தெரிகிற பறவையைத்தான் பருந்து குறிவைக்கும் என்பதால், முடிகிறவரை நன்றாக இருப்பதுபோல நடிக்கும். இறகைச் சிலுப்பி, கண்ணை மூடி, கூண்டின் அடியில் ஒடுங்குவதை நாம் பார்க்கும்போது நோய் முற்றியிருக்கும். தராசிடம் நடிக்க முடியாது. காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, உணவு வைப்பதற்கு முன், தினமும் ஒரே நேரத்தில் எடை. ஒரு நோட்டில் தேதி, கிராம், எச்சத்தைப் பற்றி ஒரு சொல். எச்சத்தில் மூன்று பகுதி உண்டு: பச்சையோ பழுப்போ ஆன மலம், சிறுநீர்க் கழிவான வெள்ளை யூரேட், தெளிந்த நீர். வெள்ளை பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ஈரலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெல்லட்டுக்கு மாற்ற மூன்று மாதம் ஆனது. காலையில் பசி நேரத்தில் பெல்லட், வெதுவெதுப்பான நீரில் சற்று ஊறவைத்தது. மாலையில் அளந்த விதை, ஒவ்வொரு வாரமும் ஒரு சிட்டிகை குறைத்து. எதுவுமே பலிக்காதபோது என் மகள் ஒரு வேலை செய்தாள். பெல்லட்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, கிளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தானே தின்பதுபோல "ம்ம்... ம்ம்..." என்று நடித்தாள். சாம்பு கூண்டின் இந்தப் பக்கம் வந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கொடுத்தால் வேண்டாம், ஒளித்துத் தின்றால் வேண்டும். கூட்டமாக வாழும் பறவை எது உணவு என்பதை மற்றவர் வாயைப் பார்த்துத்தான் கற்கிறது.

காய்களில் அவள் முதலில் ஏற்றுக்கொண்டது மிளகாய். எரிக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எரிக்காது. வெப்பம், வலி உணர்வு பற்றிய ஆய்வுக்காக 2021-இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸின் ஆய்வகம், மிளகாயின் காரப்பொருளான காப்சைசினை உணரும் ஏற்பி பறவைகளில் அந்தக் காரத்துக்கு அசைவதில்லை என்பதை 2002-இல் கோழியின் ஏற்பியை வைத்துக் காட்டியது. பாலூட்டிகளை விரட்டி, விதையைப் பரப்பும் பறவையை மட்டும் விட்டுவிடும் செடியின் ஏற்பாடு. சிவந்த மிளகாயில் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டினாய்டுகள் ஏராளம். பிறகு கேரட், சர்க்கரைவள்ளி, கரும்பச்சைக் கீரை என்று வரிசையாக வந்தன.

இவ்வளவு கற்றும் அடுத்த தவறுக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். பெல்லட் தின்கிறாள், காய் தின்கிறாள், இன்னும் வேகமாகத் தேறட்டும் என்று வைட்டமின் பொடியையும் தூவ ஆரம்பித்தேன். மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். 2003-இல் காக்கடீல் கிளிகளில் வெளிவந்த ஓர் ஆய்வை அவர்தான் சொன்னார். வைட்டமின் ஏ அறவே இல்லாத உணவு தந்த வளர்ந்த பறவைகள் பல மாதம் வெளிப்படையான குறைபாட்டு அறிகுறி இல்லாமல் தாக்குப்பிடித்தன. அளவுக்கு மீறித் தந்த பறவைகளுக்கோ சீக்கிரமே பாதிப்பு, அவை எழுப்பும் குரலே மாறிப்போனது. ஆய்வின் தலைப்பே, பற்றாக்குறையைவிட மிகுதிதான் இந்தப் பறவைகளை அதிகம் தாக்குகிறது என்ற பொருளில் இருந்தது. கரோட்டினாய்டிலிருந்து உடல் தேவையான அளவே மாற்றிக்கொள்ளும். பொடியில் வருவது அப்படியல்ல. சமநிலைப்படுத்திய பெல்லட்டின் மேல் வைட்டமின் பொடியைத் தூவுவது, உப்புப் போட்ட குழம்பில் இன்னொருவர் வந்து உப்புப் போடுவதைப் போன்றது.

எட்டு மாதத்தில் கால்சியம் சரியானது. அலகு பளபளத்தது. எடை 425-ஐ ஒட்டி நின்றது. விழுவது நின்றுவிட்டது. இறகு பிடுங்குவது மட்டும் நிற்கவில்லை.

உடம்பில் குறை இல்லை, இனி மனசைப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். பிறகு கேட்டது நான் எதிர்பாராத கேள்வி: "ஒரு நாளைக்குச் சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்துக்கிறா?"

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். காலையும் மாலையும் சேர்த்து நாற்பது நிமிடம். பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால் மிச்சம் பதினோரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் அவளுக்கு என்ன வேலை? எதுவும் இல்லை. காட்டில் வாழும் போர்ட்டோ ரிக்கோ அமேசான் கிளிகள் உணவு தேடுவதில் மட்டும் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் செலவிடுகின்றன. பறக்கும் நேரம் தனி, அரட்டை தனி. நான் கிண்ணத்தை நிரப்பி வைத்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டேன், அவள் இறகைப் பிடுங்கிக்கொண்டாள்.

இதைக் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஷெரில் மீகன், ஜாய் மென்ச் ஆகியோரின் குழு சோதித்து 2003-இல் வெளியிட்டிருக்கிறது. ஆரஞ்சுச் சிறகு அமேசான் குஞ்சுகளை இரண்டு பிரிவாக்கி 48 வாரம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் கூண்டும் கிண்ணமும். மற்றதுக்கு மென்று, துளைத்து, பிரித்து எடுக்க வேண்டிய உணவுச் சாதனங்களும் ஏறி விளையாட விதவிதமான பொருட்களும். வெறும் கூண்டுப் பறவைகளின் இறகு மோசமானது. பிறகு அவற்றுக்கும் அதே வசதிகளைத் தந்தபோது இறகு தேறியது. வருமுன் காப்பதும் வந்தபின் குணப்படுத்துவதும் ஒரே மருந்து, அந்த மருந்தின் பெயர் வேலை. பின்னர் 2021-இல் ஜார்ஜியா மேசன் குழுவினர் 50 கிளி இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்புப் பறவைகளின் தகவல்களை ஒப்பிட்டார்கள். இயற்கையில் உடைத்து, உரித்துத் தின்ன வேண்டிய உணவை நம்பி வாழும் இனங்கள் கூண்டில் இறகைக் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். உடம்போடு ஒப்பிட மூளை பெரிதாக உள்ள இனங்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கத்தில் விழுவது அதிகம். சாம்பல் கிளியின் மூளையும் பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏக்கம் என்று சொன்னார்களே, அதில் பாதி வேலையின்மை.

மறுநாளே ஒரு காகித உருண்டைக்குள் பருப்பை வைத்துக் கூண்டில் தொங்கவிட்டேன். மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. குச்சியின் மறுமுனையில் ஒட்டிக்கொண்டு அதைப் பாம்பைப் போலப் பார்த்தாள். கிளிக்குப் புதியது என்றாலே ஆபத்து. வேலை கொடுப்பதற்கும் ஒரு பாடத்திட்டம் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஆகவே கீழிருந்து தொடங்கினோம். முதல் வாரம் கிண்ணத்தின் மேல் ஒரு தாள், அவ்வளவுதான். அடுத்து தாளைச் சற்று மடித்து. அடுத்து அவள் கண்ணெதிரே பருப்பை வைத்து மிட்டாய்போலச் சுற்றி, முனையை நெகிழ விட்டு. பிறகு முனையை முறுக்கி. பிறகு சிறிய அட்டைப்பெட்டிக்குள் மிட்டாய். பிறகு பெட்டிக்குள் பெட்டி. புதுப் பொருளைக் கூண்டுக்குள் வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் அறையின் மூலையில் கிடக்க விட்டேன். மகள் அதை எடுத்து விளையாடுவதைச் சாம்பு பார்க்க வேண்டும்.

இன்னொரு எளிய மாற்றம் பெல்லட்டின் அளவு. சிறு பெல்லட்டை அப்படியே விழுங்கிவிடுவாள். பெரிய அளவு வாங்கினால் காலில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடிக்க வேண்டும். அமேசான் கிளிகளுக்குப் பெரும் பெல்லட் தந்து பார்த்த ஆய்வில் உணவைக் கையாளும் நேரம் பல மடங்கு கூடியது. எந்தச் சாதனமும் வாங்காமல் செய்யக்கூடியது இது.

சும்மா கிடைக்கும் உணவை விட்டுவிட்டு ஏன் மெனக்கெட வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஒருநாள் உரித்த பருப்பை ஒரு தட்டிலும் அதே பருப்பைக் காகிதத்தில் சுற்றி இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தோம். சாம்பு சுற்றியதைத்தான் எடுத்தாள், பிரித்தாள், காகிதத்தை நார்நாராகக் கிழித்தாள், பருப்பைக் கடைசியில் ஏதோ நினைவு வந்தவள்போலத் தின்றாள். கிளிகளின் அறிவை ஆராயும் ஐரீன் பெப்பர்பெர்க்கின் குழு சாம்பல் கிளிகளில் இதே நடத்தையை முறையாகச் சோதித்திருக்கிறது. எல்லாப் பறவையும் எல்லா நேரமும் அப்படிச் செய்வதில்லை, செய்யும் வேலையே பிடித்திருந்தால் செய்கிறது.

பெப்பர்பெர்க் பெயரைச் சொன்னதும் அலெக்ஸ் நினைவுக்கு வரும். 1977-இல் அவர் கடையில் வாங்கிய சாம்பல் கிளி. பொருள், நிறம், வடிவம் என்று நூறுக்கு மேற்பட்ட சொற்களைப் பொருளறிந்து பயன்படுத்தியது. இரண்டு பொருட்களுக்கு இடையே வேறுபாடு இல்லை என்றால் எதுவுமில்லை என்று சொன்னது. 2007-இல், 31 வயதில் இறந்தது. என்னை அதிகம் பாதித்தது அலெக்ஸின் கெட்டிக்காரத்தனம் அல்ல, பயிற்சிமுறை. பறவைக்கு நேரடியாகப் பாடம் எடுப்பதில்லை. அதன் முன்னால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பொருளைக் காட்டிக் கேட்பார், சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே பரிசு. தவறென்றால் பொருள் மறைக்கப்படும். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குப் போட்டி மனப்பான்மை வந்துவிடும். சொல்லுக்குப் பரிசு அந்தச் சொல் குறிக்கும் பொருள்தான், வேறு தின்பண்டம் அல்ல என்பதே இதன் உயிர். "காகிதம்" சொன்னதற்குப் பருப்புக் கொடுத்தால், பருப்புக்குப் பெயர் காகிதம் என்றுதானே கிளி நினைக்கும்?

நானும் மகளும் இரண்டு மாதம் இந்த நாடகத்தைப் போட்டோம். இப்போது சாம்பு "தாள்" என்கிறாள், தாளைக் கொடுத்தால் வாங்கிக் கிழிக்கிறாள், பருப்பைக் கொடுத்தால் கீழே எறிகிறாள். மாமாவின் இருமலும் இந்தத் "தாள்" என்ற சொல்லும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வெறும் ஒலி, மற்றது வேண்டும் என்று கேட்பது.

கத்தலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கிளி வளர்ப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள். நான் அறையை விட்டு நகர்ந்தால் காது கிழியும்படி ஒரு கூச்சல். ஓடி வந்து "சும்மா இரு!" என்று பதிலுக்குக் கத்துவேன். நான் திட்டுவதாக நினைத்தேன், அவளோ கூப்பிட்டால் வருகிறான், பதிலும் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். பிரிந்திருக்கும் கிளிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளத் தனி ஒலி உண்டு. வெனிசுவேலாவில் குருவியளவே இருக்கும் ஒரு கிளி இனத்தைக் கார்ல் பெர்க் குழு ஆராய்ந்து 2011-இல் எழுதியது. ஒவ்வொரு குஞ்சுக்கும் கூட்டிலேயே ஏறத்தாழப் பெயர் போன்ற ஓர் அழைப்பொலி உருவாகிறது. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தபோது, குஞ்சுகளின் ஒலி பெற்றவர்களுடையதைவிட வளர்த்தவர்களுடையதைத்தான் ஒத்திருந்தது. பெயர் வைப்பது வளர்ப்பவர்கள்.

அதன்பிறகு அறையை விட்டுப் போகும்போது நானே மெல்ல ஒரு சீழ்க்கை அடித்தேன். அவள் மெல்லப் பதில் தந்தால் திரும்ப அடித்தேன். கத்தினால் மௌனம். முதல் இரண்டு வாரம் கத்தல் குறையவில்லை, கூடியது. பழைய வழி பலிக்காதபோது பறவை அதையே இன்னும் உரக்கச் செய்து பார்க்கும். அங்கே மனம் தளர்ந்து ஒரே ஒரு முறை ஓடிப்போனாலும், இனி இந்த அளவு கத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம். நான் இரண்டு முறை ஓடினேன். ஆகவே இரண்டு வாரத்தில் முடிய வேண்டியது ஆறு வாரம் ஆனது.

தனிமைக்கு மட்டும் என்னிடம் நல்ல விடை இல்லை. 2014-இல் வியன்னா ஆய்வாளர்கள் சாம்பல் கிளிகளின் இரத்தத்தில் டெலோமியர் நீளத்தை அளந்தார்கள். குரோமோசோமின் முனையில் வயதோடு தேயும் பகுதி அது. தனியாக வாழ்ந்த 9 வயதுப் பறவைகளின் டெலோமியர், ஜோடியாக வாழ்ந்த, அவற்றைவிட 23 வயது மூத்த பறவைகளுடையதின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தனிமைதான் காரணம் என்று இது ஒன்றை வைத்து முடிவுகட்ட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், ஆனால் படித்த இரவு தூக்கம் வரவில்லை. இன்னொரு பறவை வாங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தனி அறையில் பல வாரம் வைத்துச் சோதனைகள் முடித்த பிறகுதான் சேர்க்க முடியும், சேர்த்தாலும் இரண்டுக்கும் ஒத்துப்போகும் என்று உறுதியில்லை, பன்னிரண்டு வயது வரை மனிதர்களோடே வாழ்ந்தவள் வேறு என்றார். வாங்கவில்லை. கூண்டைக் குடும்பம் புழங்கும் கூடத்துக்கு மாற்றினோம். பகலில் வெளியே விட்டு யாராவது ஒருவர் கூட இருப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். அக்காவோடு வீடியோ அழைப்பு. கிளிகள் ஒன்றோடொன்று வீடியோவில் பேசிக்கொள்ளும் 2023 ஆய்வு பிரபலமானபோது அக்காதான் இதைத் தொடங்கினாள். அந்த ஆய்வில் பேசியவை 18 கிளிகள், மனிதர்கள் அல்ல, அதுவும் வளர்ப்பவர்கள் பக்கத்திலிருந்து பறவையின் மனநிலையைக் கவனித்தபடி, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல். எங்கள் வீட்டு அழைப்பில் மாமா திரையில் இருமினார், சாம்பு திரைக்குப் பின்னால் போய் ஆளைத் தேடினாள். அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான்.

மற்றவை சுருக்கமாக. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் காயக் காய வரும் புகை மணமே இல்லாமல் கிளியைக் கொல்லும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஆக்சிஜனை எவ்வளவு திறமையாக எடுக்கிறதோ, நஞ்சையும் அதே திறமையோடு எடுக்கும். எங்கள் வீட்டில் அத்தகைய பாத்திரமே இல்லை. அவகேடோ, சாக்லேட் கூடவே கூடாது. இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். முதுகைத் தடவிக் கொஞ்சாதீர்கள், அது இனப்பெருக்க உணர்வைத் தூண்டும், தலையும் கழுத்தும் போதும். சாம்பல் கிளியிடமிருந்து உதிரும் வெண்பொடி சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையைத் தரும், கூண்டைத் துடைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உங்களுக்கு விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளாமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றும். 1929, 1930-இல் பல நாடுகளில் பலரைப் பலிகொண்ட நோய் அது. சொல்லாவிட்டால் மருத்துவருக்குச் சந்தேகமே வராது.

ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகில் ஏறத்தாழ 400 கிளி இனங்கள். தேன் குடித்து வாழும் லோரிக்குப் பொருந்துவது விதை உடைக்கும் மக்காவுக்குப் பொருந்தாது. நான் மேலே சொன்னவற்றில் காக்கடீலின் முடிவும் அமேசானின் முடிவும் சாம்புவுக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பல சோதனைகளில் பறவைகளின் எண்ணிக்கையும் பத்து, இருபதுதான். ஆகவே படித்ததும் கிண்ணத்தை மாற்றாதீர்கள். எந்த இனம், எத்தனை பறவை, எத்தனை நாள் என்று பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதுங்கள்.

சாம்புவைப் பார்த்துவிட்டு, இதுபோல ஒன்று எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். காட்டிலிருந்து பிடித்து விற்றே இந்த இனத்தை அருகவைத்துவிட்டார்கள். 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்த மாநாடு சாம்பல் கிளியை முதல் அட்டவணையில் சேர்த்துக் காட்டுப் பறவைகளின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. நாற்பது, ஐம்பது வருடம் வாழக்கூடிய பறவை வேறு. என் வயதுக்கு, சாம்புவை அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்று எழுதிவைத்திருக்கிறேன். மகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மார்பில் முக்கால்வாசி இறகு வந்துவிட்டது. இடது தொடையில் ஓர் இடம் மொட்டையாகவே நிற்கிறது. திரும்பத் திரும்பப் பிடுங்கியதில் இறகு முளைக்கும் குழியே கெட்டுவிட்டது, இனி முளைக்காது என்கிறார் மருத்துவர். நான் நான்கு நாள் வெளியூர் போனால் இப்போதும் கொஞ்சம் பிடுங்குவாள்.

இன்று காலை எடை 427. நேற்று மாலை தொங்கவிட்ட பெட்டிக்குள் பெட்டியைப் பிரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு, காலிப் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அடித்தட்டு முழுக்க அட்டைத் துணுக்கு. நடுவே ஒரே ஒரு சாம்பல் இறகு. எடுத்துத் தண்டைப் பார்த்தேன், முழுதாக இருந்தது.